தையலுக்கு முன்னால் வரும் வெட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் நுண் ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தலைமுடியைவிட மெல்லிய நூல், மைக்ரோஸ்கோப், மணிக்கணக்கில் நீளும் வேலை எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் ‘தமனியைத் திறந்து, குழாயைத் தைத்து இணைத்தார்கள்’ என்று ஒரே வரியில் கட்டுரை கடந்துபோன இடத்தில்தான் இணைப்பின் தலைவிதியே இருக்கிறது. போட்ட தையல் சரியில்லை என்றால் வெட்டி எடுத்துவிட்டு வேறு போடலாம். தமனிச் சுவரில் தப்பான இடத்தில், தப்பான அளவில் விழுந்த திறப்பை அப்படி மாற்றிப் போட வழியில்லை. இதே வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், ‘திறந்து’ என்ற அந்த ஒரு சொல்லை விரித்து எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இது.

முதலில், கட்டுரையில் இருந்த ஒரு குழப்பம். இரண்டு ரத்தக்குழாய்களை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. முனையோடு முனை சேர்ப்பது ஒன்று. அறுந்த விரலை ஒட்டும்போது பெரும்பாலும் இதுதான். குழாய் ஏற்கெனவே அறுந்து கிடக்கிறது, பக்கவாட்டில் திறக்கும் பேச்சே இல்லை. இன்னொன்று, ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் தமனியை அறுக்காமல், அதன் பக்கச்சுவரில் ஒரு வாசல் வைத்து, அந்த வாசலில் இன்னொரு குழாயின் முனையைத் தைப்பது. கட்டுரை இரண்டையும் ஒன்றாகப் பேசிவிட்டது. நாங்கள் சொல்லப்போவது இரண்டாவதைப் பற்றி.

பக்கச்சுவரில் எதற்குத் தைக்க வேண்டும்? கீழ்க்காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று தமனிகளில் இரண்டு விபத்தில் சிதைந்து, ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காயத்தை மூட உடலின் வேறோர் இடத்திலிருந்து தசையையோ தோலையோ அதன் ரத்தக்குழாயோடு எடுத்துவந்து வைக்க வேண்டும். மிஞ்சிய ஒரே தமனியைக் குறுக்கே அறுத்து அதில் இணைத்தால் காயம் மூடும், பாதம் போய்விடும். மூளையின் மேற்பரப்புத் தமனிக்கும் இதே கதைதான்; அதை அறுத்தால் அது ஊட்டிவந்த பகுதி செத்துவிடும். மூன்றாவது காரணம் அளவு. 1 மி.மீ. குழாயை 3 மி.மீ. குழாயின் முனையோடு தைத்தால் பெரிய முனை மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, அந்த மடிப்புகளில் ரத்தம் தேங்கி உறையும். பக்கச்சுவரில் வாசல் வைத்தால், சேரும் குழாயின் அளவுக்கு ஏற்ப வாசலை வைத்துக்கொள்ளலாம். நுண் அறுவை மருத்துவர் மார்கோ கோடினா 1979-இல், இப்படி எடுத்துவைக்கும் தசைக்கும் தோலுக்கும் பக்க இணைப்பையே முதல் தேர்வாக வைக்க வேண்டும் என்று எழுதினார். இரண்டு வகையும் கைதேர்ந்தவரிடம் ஒரே அளவுக்கு ஓடுகின்றன என்று பிற்பாடு தெரிந்தாலும், கீழே உள்ள ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றுவது பக்க இணைப்பு மட்டுமே.

தமனியின் சுவரைப் பற்றிச் சொல்லாமல் வெட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. சுவருக்கு மூன்று அடுக்குகள். வெளியுறை, நனைந்த பஞ்சுபோல் இழை இழையாக இருக்கும். நடுவுறை தசையும் மீள்நாரும் சேர்ந்தது. சுவருக்கு வலு தருவது இது. உள்ளுறையில் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒற்றைச் செல் கனமுள்ள படலம்தான். அந்தப் படலம் முழுசாக இருக்கும்வரை ரத்தம் உறையாது. அது கிழிந்து, அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிந்தால், சில நிமிடங்களுக்குள் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வந்து ஒட்டத் தொடங்கிவிடும். தமனியைத் திறக்கும் நுட்பம் முழுவதும் இந்தப் படலத்தை எவ்வளவு குறைவாகக் காயப்படுத்துகிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது. கத்தி, கத்தரி, வட்டத்துளை போடும் பஞ்ச் என்று கருவி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: வெட்டிய விளிம்பில் மூன்று அடுக்கும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, அல்லது உள்ளுறை தனியே பிரிந்து தொங்குகிறதா?

அடுத்து, அளவு. இதில்தான் கற்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆனால் கணக்கு எளிது. சுவரில் நீளவாட்டில் ஒரு கீறல் போட்டால், கீறலின் நீளம் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்கு விளிம்பு கிடைக்கும், ஏனென்றால் உதடுகள் இரண்டு. சேரும் குழாயின் முனையை நேராக வெட்டினால் அதன் விளிம்பு, விட்டத்தைப்போல் 3.14 மடங்கு. ஆகவே கீறல் விட்டத்தைப்போல் சுமார் 1.6 மடங்கு இருந்தால் இரண்டும் பொருந்தும். முனையை 45 பாகையில் சாய்த்து வெட்டினால் வாய் நீள்வட்டமாகி, விளிம்பு விட்டத்தைப்போல் 3.8 மடங்காகிவிடும்; கீறல் 1.9 மடங்கு வேண்டும். அதாவது 1 மி.மீ. குழாயைச் சாய்த்து வெட்டியிருந்தால் ஏறக்குறைய 2 மி.மீ. கீறல். முனையின் பக்கத்தில் ஒரு சிறு வெட்டு கொடுத்து மீன்வாய்போல் விரித்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. கீறல் குட்டையாகிவிட்டால் சேரும் குழாயின் வாய் மடிந்து உள்ளே சுருளும். நீண்டுவிட்டால் அந்த வாய் இழுபட்டுத் தட்டையாகி, எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பிக்கும். குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓடும் ரத்தம் பாதியாக அல்ல, பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பாய்மங்களின் விதி. கால் மில்லிமீட்டருக்கு இங்கே இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான். எனவே சேரும் குழாயின் முனையை முதலில் சீவி, வடிவம் கொடுத்து, தமனியின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்த பிறகே தமனியைத் தொட வேண்டும். தமனியைத் திறந்துவிட்டு முனையைச் சீவ உட்காருபவர்கள் அளவை ஊகத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

இடம் தேர்வதற்கும் கண் வேண்டும். கிளை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் திறக்கக் கூடாது. அங்கே ஓட்டம் ஏற்கெனவே சுழல்கிறது. ஃபோர்செப்ஸ் என்னும் நுண் இடுக்கியின் மூடிய முனையால் சுவரை மெல்ல அழுத்தினால் நல்ல சுவர் ரப்பர்போல் அமுங்கி எழும். கொழுப்புப் படிவு இருந்தால் மஞ்சளாகத் தெரிந்து அமுங்க மறுக்கும். சுண்ணாம்பு ஏறியிருந்தால் முனைக்கடியில் நறநறக்கும். அங்கிருந்து ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துபோவதில் ஒரு நஷ்டமும் இல்லை. சேரும் குழாய் முறுக்காமல், மடங்காமல், இழுபடாமல் எந்தப் பக்கம் இயல்பாக வந்து படுக்கிறதோ அந்தப் பக்கச் சுவரில்தான் வாசல். திறக்கும் பகுதியில் சிறு கிளைகள் இருந்தால் தாய்ச் சுவரை ஒட்டிச் சூட்டுக்கருவியால் கரிக்காமல், ஒரு மில்லிமீட்டராவது தள்ளிப்போய் அடைக்க வேண்டும். சூடு சுவருக்குள் பரவினால் அங்கே உள்ளுறை வெந்துவிடும்.

பிறகு வெளியுறை. வாசல் வைக்கப்போகும் இடத்தில் மட்டும் அதை மேலே தூக்கி, கத்தரியால் சீவி எடுக்க வேண்டும். ஒரு இழை மிஞ்சினாலும், ஊசியோடு சேர்ந்து உள்ளே போய் ரத்த ஓட்டத்தில் தொங்கும். உறைவு அதில்தான் பிடித்துக்கொள்ளும். அதற்காகச் சுற்றிலும் உரித்துவிடவும் கூடாது. தையல் பிடிக்க வெளியுறையின் வலு கொஞ்சம் தேவை. தமனியைக் கையாளும்போது ஃபோர்செப்ஸ் பிடிக்க உரிமையுள்ள ஒரே அடுக்கும் அதுதான். முழுச் சுவரையும் கவ்விப் பிடித்தால், வெளியே அடையாளம் தெரியாமல் உள்ளுறை நசுங்கியிருக்கும்.

தொட்டதும் தமனி இறுகிச் சுருங்குவது இயல்பு. சுருங்கிய தமனியில் அளந்து வெட்டினால், அது தளர்ந்த பிறகு அளவு மாறிப்போகும். தமனியைத் தளர்த்தும் மருந்துகளான பாபவெரின் சொட்டுகளையோ அடர்த்தி கூடிய லிக்னோகெயினையோ விட்டு, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தச் சில நிமிடங்களைத் தருவதற்குத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. பாபவெரினை, நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவத்தில் கலந்தால் படிந்து திரிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. சாதாரண உப்புநீரான சலைனில்தான் கலக்க வேண்டும்.

ஓட்டத்தை நிறுத்தும் கவ்வியான கிளாம்பைப் போடுவதற்கு முன், தமனி நிறைந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டப்போகும் கோட்டை வெளியுறையில் மார்க்கரால் குறித்துக்கொள்வது நல்லது. காலியான தமனி நாடாபோல் தட்டையாகி லேசாகத் திரும்பிவிடும். அதன்பின் உச்சி எது, பக்கம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. அடியில் நீலமோ பச்சையோ ஒரு சிறு ரப்பர் தாளைச் செருகினால் சுவரின் விளிம்பு தெளிவாகத் தெரியும். கிளாம்பின் பிடி சதுர மில்லிமீட்டருக்கு 30 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மேலே போனால் அது பிடித்த இடத்திலேயே உள்ளுறை நசுங்கி, இணைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் பக்கத்தில் உறைவு தொடங்கும்.

கிளாம்ப் போடும் வரிசையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டம் போகும் பக்கத்தை முதலில் அடைத்து, ஓட்டம் வரும் பக்கத்தை அடுத்து அடைத்தால், நடுவில் இருக்கும் துண்டு ரத்தம் நிறைந்து உருண்டையாக நிற்கும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே முழு விட்டமும் இடைவெளி கிடைக்கும். வரிசையை மாற்றினால் துண்டு காலியாகி, இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும். அப்போது கத்தி நுழைந்தால் பின்சுவரையும் சேர்த்தே குத்தும். தமனியைத் திறப்பதில் நடக்கும் தவறுகளிலேயே மிகவும் கொடியது இந்தப் பின்சுவர்க் காயம்தான். அதைத் தவிர்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், எந்தக் கிளாம்பை முதலில் போடுவது என்ற நினைவு இருந்தால் போதும்.

இனி வெட்டு. மைக்ரோஸ்கோப்பில் உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டு, 11-ஆம் எண் கத்தியோ கண் அறுவைக்கு வரும் கூர்முனைக் கத்தியோ எடுத்து, வெட்டும் விளிம்பு மேலே பார்க்குமாறு, சுவரை ஏறக்குறைய ஒட்டியபடி சாய்த்துக் குத்த வேண்டும். முனை உள்ளே போனதும் சிவப்பாக ஒரு துளி எழும். அந்தத் துளிதான் அடையாளம்; அங்கேயே நிறுத்த வேண்டும். துளி எழவில்லை என்றால், முனை நடுவுறைக்குள் நின்றுகொண்டு அடுக்குகளுக்கு நடுவே வழி உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் தள்ளிக்கொண்டே போனால் உள்ளுறை பிரிந்துவிடும். துளி எழுந்ததும் முனை மழுங்கிய கேனுலா என்ற மெல்லிய குழலைக் குத்துவாயில் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கலந்த சலைனைப் பாய்ச்சினால் ரத்தம் கழுவப்பட்டு, உள்ளே பளபளப்பாக உள்ளுறை தெரியும். பிறகு மைக்ரோ கத்தரியின் ஒரு அலகை உள்ளே விட்டு, அலகால் முன்சுவரை மேலே தூக்கியபடியே ஒரே மூச்சில் வெட்ட வேண்டும். நுனியால் கொறித்துக் கொறித்து வெட்டினால் ஒவ்வொரு கொறிப்புக்கும் விளிம்பில் ஒரு படி விழும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லாததுபோல் தெரியும். ஊசி போகும்போது அந்தப் படியில் உள்ளுறை கிழியும். ஒரு திசையில் வெட்டி, கத்தரியைத் திருப்பி எதிர்த்திசையில் வெட்டினால் கோடு நேராக வர வேண்டும். நடுக்கோட்டை விட்டு விலகினால் ஒரு உதடு அகலமாகவும் இன்னொன்று ஒடுக்கமாகவும் ஆகி, தைத்த பிறகு வாய் கோணும்.

இப்படிச் சுவரில் எதையும் எடுக்காமல் கீறி மட்டும் திறப்பது ஒரு முறை. ஒரு துண்டை வெட்டி எடுத்து நீள்வட்டத் துளையாகத் திறப்பது இன்னொரு முறை. இதற்கு 8-0 அல்லது 9-0 நூலின் (சுழிக்கு முன்னுள்ள எண் கூடக்கூட நூல் மெல்லியது) ஊசியைத் தமனிக்குக் குறுக்கே, முன்சுவரில் குத்தி வெளியே எடுத்து, ஊசியோடு சுவரைக் கூடாரம்போல் தூக்கி, வளைந்த கத்தரியால் அடியில் ஒரு பக்கத்திலிருந்து பாதியும் எதிர்ப்பக்கத்திலிருந்து மீதியும் வெட்டுவார்கள். துண்டு ஊசியிலேயே வந்துவிடும். பார்க்க மிக எளிது, தவறுவதும் எளிது. ஊசி உள்ளுறையையும் சேர்த்துப் பிடிக்காமல் வெளி அடுக்குகளில் மட்டும் போயிருந்தால், கத்தரி வெளி அடுக்குகளை எடுத்துவிடும். துளைக்குள் வெண்மையான மெல்லிய திரை மட்டும் மிஞ்சி உப்பி நிற்கும். அதைத் தனியே பிடித்து இழுத்தால் துளையின் விளிம்பைத் தாண்டியும் கிழியும். கேனுலாவால் நன்றாகக் கழுவி, மறுபடியும் ஊசியால் அந்தத் திரையை மட்டும் தூக்கி, விளிம்போடு சமமாக வெட்டுவதே சரி. இரண்டாவது ஆபத்து, துளை நினைத்ததைவிடப் பெரிதாகிவிடுவது. உடலில் தமனி எப்போதும் நீளவாட்டில் இழுபட்டே இருக்கிறது. துண்டை எடுத்ததும் அந்த இழுப்பில் துளை நீளும். ஆகவே தேவை என்று தோன்றுவதில் பாதியை மட்டும் தூக்கி வெட்டி, விரிவதைப் பார்த்துவிட்டு, குறைந்தால் நுனியில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். அகலத்தில் இன்னும் கஞ்சத்தனம் வேண்டும். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், தைத்த பிறகு எதிர்ச்சுவர் உள்ளே இழுபட்டு, காப்பாற்ற நினைத்த பழைய ஓட்டமே அந்த இடத்தில் நெருக்கப்படும்.

கீறலா, துளையா? பல காலமாக நடக்கும் வாதம் இது. ஆரோக்கியமான தமனியில், பழகிய கைகளில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. எங்கள் கருத்து இதுதான்: மெல்லிய, மீள்தன்மையுள்ள சுவரில் கீறலே மேல். உள்ளே ரத்த அழுத்தம் வந்ததும் உதடுகள் தாமாக விலகி வாசல் வட்டமாகிவிடும். அளவு போதவில்லை என்றால் கீறலை நீட்டலாம். தசை எதையும் இழக்கவில்லை. கனத்த, விறைத்த, வயதான சுவரில் கீறல் விரியாது. நீளவாட்டு இழுப்பு உதடுகளை மூடவே பார்க்கும். வாசல் பாதி சாத்திய கதவாகவே இருந்துவிடும். அங்கே துளைதான் வேண்டும். கற்பவர் கீறலை முழுவதும் கற்ற பிறகே துளைக்குப் போக வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டாம் கருத்து இல்லை. கீறலைத் துளையாக்க முடியும். துளையைக் கீறலாக்க முடியாது.

பஞ்ச் என்ற கருவி இதய பைபாஸில் மகாதமனியில் வட்டத்துளை போடப் பயன்படுவது. சில மில்லிமீட்டர் விட்டத்தில் பல அளவுகளில் வரும். முதலில் சிறு கீறல் போட்டு, தலையை உள்ளே நுழைத்து, சுவருக்குச் செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் சுத்தமான வட்டம் கிடைக்கும். கழுத்திலும் தொடையிலும் உள்ள பெரிய தமனிகளுக்கு நல்லது. 2 மி.மீ. தமனிக்கு இது பொருந்தாது. உள்ளே போன தலை பின்சுவரில் இடிக்கும், சாய்வாகப் பிடித்தால் துளை சந்திரப்பிறையாகும், சுண்ணாம்பு ஏறிய சுவரில் விரிசல் விடும்.

கிளாம்பே போடாமல் திறக்கும் வழியும் உண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்டில் மூளை அறுவை மருத்துவர் டுல்லெகன் உருவாக்கிய முறையில், சேரும் குழாயின் முனையில் ஒரு பிளாட்டினம் வளையத்தை வைத்து, திறக்காத தமனிச் சுவரின்மேல் முதலில் தைத்துவிடுகிறார்கள். பிறகு குழாய்க்குள் ஒரு நுண்குழல் வழியாக 308 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் என்ற புறஊதா லேசரை அனுப்பி, வளையத்துக்குள் இருக்கும் சுவரை வட்டமாக அறுத்து, நடுவிலிருக்கும் உறிஞ்சியால் துண்டை வெளியே எடுக்கிறார்கள். ரத்தம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. மூளையின் பெரிய தமனிகளுக்கு, ஓட்டத்தை நிறுத்தவே முடியாத இடத்தில் இதன் அருமை தெரியும். எல்லா இடத்திலும் கிடைக்கிற கருவி அல்ல இது.

மூளையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உச்சந்தலைத் தோலுக்கு ஓடும் தமனியை மூளையின் மேற்பரப்புத் தமனியோடு இணைக்கும் பைபாஸை 1967-இல் ஜூரிச்சில் மூளை அறுவை மருத்துவர் யாசர்கில் மனிதருக்கு முதன்முதலில் செய்தார். அங்கே திறக்க வேண்டிய தமனி 1 மி.மீ. அளவு, சுவர் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், உதடு எங்கே முடிகிறது, ஒளி எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதே கடினம். மெத்திலீன் புளூவை விளிம்பில் ஒரு தொடு தொட்டால், நீலக் கோடாக உதடு எழுந்து நிற்கும். கிளாம்ப் போட்ட நேரத்திலிருந்து அந்தப் பகுதி மூளைக்கு ரத்தம் குறைவு. ஆகவே முனையைச் சீவி, ஊசிகளை எடுத்துவைத்து, நூலைத் தேவையான நீளத்துக்கு நறுக்கி, மயக்க மருத்துவரிடம் ரத்த அழுத்தம் பற்றிப் பேசி முடித்த பிறகே கிளாம்ப். அதற்குப் பிறகு தேடுவதற்கு ஒரு பொருளும் மிச்சமிருக்கக் கூடாது.

திறந்தாயிற்று, உடனே தைக்கக் கூடாது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும். விளிம்பில் உள்ளுறை சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா? கேனுலாவால் மெல்லப் பாய்ச்சும்போது வெள்ளையாக ஏதாவது படபடத்தால் அது பிரிந்த உள்ளுறை. பின்சுவரில் கீறலோ சிவந்த கோடோ தெரிகிறதா? அடியில் விரித்த தாளில் ரத்தம் கசிகிறதா? பின்சுவர் குத்துப்பட்டிருந்தால், வாசல் திறந்திருக்கும் இந்தச் சில நிமிடங்கள்தான் அதைச் சரிசெய்யக் கிடைத்த வாய்ப்பு. தமனியைப் புரட்டி, முடிச்சு வெளியே நிற்கும்படி 10-0 நைலானால் ஒரு தையல் போட்டுவிடலாம். பார்க்காமல் மூடிவிட்டால், ஒன்று பின்பக்கம் ரத்தம் கட்டும், இல்லை கிழிந்த உள்ளுறை கதவுபோல் மடிந்து ஓட்டத்தை அடைக்கும். கொழுப்புப் படிந்த தமனியில் உள்ளுறை பிரியத் தயாராகவே இருக்கும் என்பதால், அங்கே ஊசி எப்போதும் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். உள்ளுறையை நடுவுறையோடு சேர்த்து அழுத்தியபடி வரும். வெளியிலிருந்து உள்ளே குத்தினால் அதை ஊசியே தள்ளிப் பிரித்துவிடும்.

தையலைப் பற்றிக் கட்டுரை நன்றாகவே சொல்லிவிட்டது. ஒன்றிரண்டு மட்டும் சேர்க்கிறோம். 10-0 நைலானின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. நீள்வாசலின் இரண்டு நுனிகளையும் முதலில் தைக்க வேண்டும். வாசல் நெருங்கி அடைபடுவது பெரும்பாலும் இந்த நுனிகளில்தான். கீறல் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் இங்கேதான் கசியும். பிறகு எட்டுவதற்குக் கடினமான பக்கம், கடைசியில் எளிதான பக்கம். ஒவ்வொரு ஊசிக்கும் எதிர்ச்சுவரைப் பிடித்துவிடவில்லை என்று வாய்க்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளாம்பை எடுக்கும்போது, ஓட்டம் போகும் பக்கம் முதலில். அங்கிருந்து பின்னோக்கி வரும் ரத்தம் அழுத்தம் குறைவானது. வாசலை மெல்ல நிரப்பி, பெரிய கசிவு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு வரும் பக்கம். தையல்களுக்கு நடுவே கசியத்தான் செய்யும். ஈரத்துணியை வைத்து மூன்று நான்கு நிமிடம் கையை எடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பீய்ச்சி அடித்தால் மட்டுமே இன்னொரு தையல். ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க, இணைப்பைத் தாண்டி இரண்டு ஃபோர்செப்ஸால் குழாயை மென்மையாக மூடி, ஒன்றை நகர்த்தி நடுவே காலியாக்கி, இணைப்புப் பக்கத்து ஃபோர்செப்ஸை விட்டால் குழாய் சட்டென்று நிறைய வேண்டும். ஒரு முறை போதும். ஒவ்வொரு சோதனையும் உள்ளுறைக்கு ஒரு காயம். துடிப்பை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. அடைபட்ட குழாயும் அடைப்பு வரைக்கும் துடிக்கும். தட்டணுக்கள் சேர்ந்து வளர்வது முதல் 20 நிமிடத்தில்தான் அதிகம். அதுவரை காயத்தை மூடாமல் காத்திருந்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவையும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. நுண் அறுவைப் பயிற்சியில் எத்தனை தையல் போட்டார், எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்றே எண்ணுகிறார்கள். எத்தனை தமனியைத் திறந்தார் என்று எண்ணுபவர் குறைவு. பயிற்சித் தமனியை ஆசிரியரே திறந்து கொடுத்து, ‘இப்போது தை’ என்று சொல்வதும் நடக்கிறது. கையுறை ரப்பரைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, 2 மி.மீ. கீறலைக் கொறிக்காமல் நூறு முறை போட்டுப் பழக ஒரு செலவும் இல்லை. கோழித் தொடையின் தமனியில் சலைன் ஏற்றி, கிளாம்ப் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டு, நிறைந்த தமனியும் காலியான தமனியும் கத்திக்கு எப்படி வேறுபடுகின்றன என்று ஒரே மதியத்தில் தெரிந்துகொள்ளலாம். திறந்த தமனியைத் தைக்காமல் நீளவாட்டில் பிளந்து விரித்து, பின்சுவரில் கீறல் இருக்கிறதா, விளிம்பில் படி விழுந்திருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பின் கீழ் பார்த்தால், மாணவர் தன் கையைத் தானே திருத்திக்கொள்வார். பயிற்சிக் குறிப்பேடுகளில் தையலுக்கு இருப்பதுபோல் திறப்புக்கும் ஒரு தனிப் பத்தி வேண்டும் என்று, அவற்றை வடிவமைப்பவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

கட்டுரையோடு வந்த படத்தில், சேரும் குழாய் தமனிக்குள் செருகப்பட்டதுபோல் வரையப்பட்டிருந்தது. குழாய் உள்ளே செருகப்படுவதில்லை. உதட்டோடு உதடாக, உள்ளுறையோடு உள்ளுறை தொடும்படி தைக்கப்படுகிறது. அடுத்த பதிப்பில் அந்தப் படத்தைத் திருத்தி வெளியிட்டால் மாணவர்களுக்கும், அறுவைக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நுண் ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சைப் பணியில் உள்ள வாசகர்கள்